விற்காத கிடாய்

எட்டயபுரம் ஆட்டுச் சந்தையில் முதலில் விலைபோவது நல்ல கிடாய். சனிக்கிழமை கிழக்கு வெளுப்பதற்குள் லாரியும் லோடு ஆட்டோவும் வந்து நின்றுவிடும். முகம் தெரிகிற வெளிச்சம் வரும்போது நெஞ்சு அகன்ற, தொடை திரண்ட, நான்கு காலையும் ஊன்றி நிற்கிற கிடாய்கள் வண்டி ஏறியிருக்கும். வெயில் ஏறியபிறகு கயிற்றில் நிற்பவை வத்தலும் தொத்தலும். அதிலும் விலை படியாதது உச்சிக்கு மேல் வீடு திரும்பும். வீட்டில் பெட்டைகள் பருவத்துக்கு வரும் நேரம் அங்கே நிற்கிற ஆண் அதுதான். அடுத்த ஈற்றுக் குட்டிகளுக்கு அதுதான் தகப்பன்.

ஓர் இனம் அழிய கொள்ளைநோயோ பஞ்சமோ வேண்டாம். ஒவ்வொரு வீட்டிலும் அவசரத்துக்கு நல்லதையே விற்றுக்கொண்டு வந்தால் போதும். பள்ளிக்கூடக் கட்டணம், ஆஸ்பத்திரிச் செலவு, தங்கச்சி மகள் சடங்கு, மிளகாய்க்கு மருந்தடித்த கடன் எதுவும் நோஞ்சான் கிடாயை விற்றுத் தீர்கிற காரியமில்லை. அதனால் யாரையும் குற்றம் சொல்லவும் முடியாது. கரிசல்காட்டில் வெள்ளாடு வளர்ப்பதே கைக்கு அவசரமாகப் பணம் வேண்டும் என்பதற்காகத்தான். அந்த அவசரமே ஆட்டைத் தேய்த்துக்கொண்டு வருகிறது.

2017 சல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டினம் என்ற சொல்லுக்குத் தனி மவுசு. காங்கேயம், புலிக்குளம், உம்பளச்சேரி என்று நகரத்துப் பிள்ளைகளும் மாட்டின் பெயர் சொல்கிறார்கள். வெள்ளாட்டுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதற்கு வாடிவாசல் கிடையாது, திமில் கிடையாது, சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொள்ள வீரமான தோற்றமும் கிடையாது. சாப்பாட்டு இலையில்தான் அதற்கு இடம். சொல்லப்போனால் அது நல்லதற்குத்தான். தின்பதை நிறுத்திவிட்டுக் காப்பாற்றிய வெள்ளாட்டினம் எதையும் நான் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் நிற்பது கன்னி ஆடு. உடம்பு முழுக்கக் கறுப்பு. கண்ணுக்கு மேலிருந்து மூக்கை நோக்கி முகத்தின் இருபுறமும் ஒரு கோடு இறங்கும். காதின் உள்புறம், அடிவயிறு, காலின் உள்பக்கம், வாலடி எல்லாம் அந்தக் கோட்டின் நிறத்திலேயே இருக்கும். கோடு வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, செம்மண் நிறமாக இருந்தால் செங்கன்னி. சாத்தூர், சிவகாசி, விருதுநகர், கோவில்பட்டி, விளாத்திகுளம், சங்கரன்கோவில் என்று சுற்றி வருகிற மானாவாரிக் காடுதான் இதன் ஊர். கிழக்கே தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் இறங்கினால் கொடி ஆடு. அது கன்னியைவிட உயரம்; வெள்ளை உடம்பில் கறுப்புத் தெறித்திருந்தால் கரும்போரை, சிவப்புத் தெறித்திருந்தால் செம்போரை. வடக்கே சேலம், தருமபுரிப் பக்கம் சேலம் கருப்பு. ஹரியானாவின் கர்னாலில் உள்ள தேசிய கால்நடை மரபுவள நிறுவனம் பதிவு செய்திருக்கிற இனங்களில் இந்த மூன்றும் உண்டு. ஆனால் 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு கோடிக்குச் சற்றுக் குறைவாக வெள்ளாடுகள் இருக்கின்றன. அதில் பெரும்பங்கு எந்த இனத்திலும் சேராத கலப்பு ஆடுகள்.

கன்னிப் பெட்டை பெரும்பாலும் முப்பது கிலோவுக்குள்தான் நிற்கும். பால் கறந்து விற்க ஆகாது. அதன் சாமர்த்தியம் வேறு இடத்தில் இருக்கிறது. பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும், இரண்டு வருஷத்தில் மூன்று ஈற்று ஈனும், அந்தக் குட்டிகளைப் புல் இல்லாத காட்டிலும் காப்பாற்றிவிடும். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்குப் புரியும். வியாபாரி பார்ப்பது மூன்று மாதக் குட்டியின் எடையை மட்டும்.

எங்கள் அத்தைதான் இந்தக் கூட்டத்தின் எசமானி. மாமா இறந்தபிறகு சில பெட்டைகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள். அவள் கிடாய் தேர்ந்தெடுக்கிற முறை எனக்கு நெடுநாள் புரியவில்லை. வேளாண்மைப் படிப்பு படித்த என் தம்பிக்கும் புரியவில்லை. குட்டிகளில் எது கொழுகொழுவென்று நிற்கிறதோ அதைக் கிடாய்க்கு நிறுத்தலாம் என்பான் அவன். அத்தை அதைப் பார்க்கவே மாட்டாள்.

"அது ஒத்தக் குட்டிய்யா. ஆத்தா மடியை அது ஒண்ணே குடிச்சிருக்கு, பெருத்திருக்கு. அதுல என்ன இருக்கு?"

இதை யோசிக்க யோசிக்க எனக்கு மலைப்பாக இருக்கிறது. ஒற்றையாகப் பிறந்த குட்டிக்கு முழுப்பால். இரட்டைக்குப் பாதிப்பால். மூன்றாம் மாதத்தில் ஒற்றைதான் பெரிதாக இருக்கும், அதை யாரும் மறுக்க முடியாது. அளவைப் பார்த்துப் பொலிகிடாய் நிறுத்துகிறவர், தனக்குத் தெரியாமலே, ஒற்றைக்குட்டி ஈனும் தாய்களின் வம்சத்தைத் தேர்ந்தெடுக்கிறார். பத்து வருஷம் இப்படிப் பெரிய குட்டியாகப் பார்த்துப் பார்த்து நிறுத்தினால் கூட்டத்தில் குட்டி எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும். ஆடு பெரிதாகவில்லையே, குட்டியும் குறைந்துவிட்டதே என்று அப்போது கையைப் பிசைவார். இனவிருத்தி பற்றிய புத்தகங்கள் இதைச் சூத்திரம் போட்டு விளக்கும். அத்தைக்கு அது மடியைப் பார்த்தாலே தெரியும்.

அவள் பார்ப்பது தாயை. அதுவும் தொழுவத்தில் அல்ல, காட்டில். சித்திரை வைகாசியில் காலை பதினோரு மணிக்கு ஆடுகள் மேய்ச்சலை விட்டு நிழலுக்கு ஒதுங்கும். ஒதுங்காமல் உடைமரத்தடியில் நெற்றுப் பொறுக்குகிற பெட்டை எது, முன்னங்கால் இரண்டையும் கிளுவை வேலியில் ஊன்றி எட்டாத கிளையை இழுத்துப் பார்க்கிற பெட்டை எது என்று மனசில் குறித்துக்கொள்வாள். அதன் பழைய ஈற்றுகள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். இரட்டை போட்டதா, இரண்டும் பிழைத்ததா, பிழைத்த இரண்டும் ஒத்த அளவில் வளர்ந்ததா? மடி இருபுறமும் சமமாக இறங்கியிருக்கிறதா? காம்பு பிறந்த குட்டியின் வாய்க்கு அடங்குமா? தடித்த காம்பைக் குட்டியால் கவ்வ முடியாது. மடியில் பால் கட்டிக்கொண்டிருக்கும், குட்டி பசியில் கத்திச் சாகும்.

இவ்வளவும் தேறிய தாயின் கிடாய்க்குட்டிதான் அவள் கைக்கு வரும். அப்போதும் மடியில் போட்டுக்கொண்டு வெகுநேரம் சோதிப்பாள். உதட்டைப் பிரித்துக் கீழ்ப்பல் மேல் ஈறில் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்ப்பாள். விதை இரண்டும் ஒத்த அளவா என்று விரலால் தடவுவாள். கண்ணின் கீழ் இமையை இழுத்துச் சிவப்பு இருக்கிறதா என்று பார்ப்பாள். இமை வெளுத்திருந்தால் வயிற்றில் இரத்தம் குடிக்கிற புழு. மழைக்குப் பின் பனிப்புல்லில் எல்லா ஆடும் ஒன்றாகத்தான் மேய்கின்றன, ஆனால் எல்லாவற்றுக்கும் இமை வெளுப்பதில்லை. ஒரே காட்டில் மேய்ந்து ஒரே புழுவைத் தின்றும் சிவப்பாகவே இருக்கிற இமை வம்சத்தில் வருவது என்பது அவள் நம்பிக்கை. கால்நடை ஆராய்ச்சியாளர்களும் இப்போது அப்படித்தான் சொல்கிறார்கள். கடைசியாகத்தான் முகத்துக் கோட்டைப் பார்ப்பாள்.

இனம் காக்கிறோம் என்று புதிதாகக் கிளம்புகிற அன்பர்கள் இந்தக் கடைசி ஒன்றையே முதலாவதாகவும் முழுவதாகவும் பார்க்கிறார்கள். கோடு நேராக இருக்கிறதா, உடம்பில் எங்காவது வெள்ளைப் புள்ளி விழுந்திருக்கிறதா என்று கைப்பேசியில் படமெடுத்து அனுப்பிக் கேட்கிறார்கள். நிறம் சில மரபணுக்களின் காரியம். பசி தாங்குவதும் வெயில் தாங்குவதும் இரட்டை ஈனுவதும் எத்தனையோ மரபணுக்கள் கூடிச் செய்வது. பாதி ஜமுனாபாரி இரத்தம் ஓடுகிற ஆட்டின் முகத்திலும் கன்னிக்கோடு அச்சாக விழும். அந்தக் கோட்டை நம்பி விலை கொடுத்தவர்கள் சந்தையில் எத்தனையோ பேர்.

ஜமுனாபாரி உத்தரப் பிரதேசத்தின் எடாவா மாவட்டத்து ஆடு, சம்பல் ஆற்றங்கரைக்காரன். ராசா மாதிரி இருக்கும்: வளைந்த மூக்கு, முழங்கால் நோக்கித் தொங்குகிற காது. எங்கள் பக்கம் கலப்புக்கு அதைக் கொண்டுவந்தவர்கள் முதல் வருஷம் குட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றினார்கள். அந்தக் காது உடைமுள்ளில் மாட்டிக் கிழியும், கிழிந்த இடத்தில் புழு வைக்கும் என்பது இரண்டாம் வருஷம் தெரிந்தது. பிறகு மலபாரிலிருந்து தலைச்சேரி வந்தது. அதையும் மட்டமான ஆடு என்று சொல்ல மாட்டேன். குட்டி நிறையப் போடும், தீவனம் வைத்தால் நன்றாக வளரும். தென்னாப்பிரிக்க போயர் 1990களில் மகாராஷ்டிரத்தின் பால்டன் வழியாக இந்தியாவுக்குள் வந்தது; அதன் கிடாய் நூறு கிலோவைத் தாண்டும். ஆடு வளர்ப்பைத் தொழிலாகச் செய்கிறவர்களுக்கு இவற்றில் ஏதோ ஒன்று ஒத்துவரலாம். எல்லாவற்றுக்கும் பொதுவான நிபந்தனை ஒன்றுதான்: தீவனம் ஆட்டைத் தேடி வரவேண்டும். கன்னி தீவனத்தைத் தேடிப் போகிற ஆடு.

அரசாங்கமும் தன் பங்குக்குக் கலக்கியது. 2011இல் தொடங்கிய விலையில்லா ஆடு திட்டத்தில் ஏழைப் பெண்களுக்குக் குடும்பத்துக்கு நான்கு ஆடு கொடுத்தார்கள். ஐந்து ஆண்டுக்குள் ஏழு லட்சம் குடும்பம் என்பது இலக்கு. விதவைப் பெண்ணின் கையில் நான்கு ஆடு என்பது எவ்வளவு பெரிய பிடிமானம் என்பதை அத்தையை வைத்தே நான் அறிவேன், அதனால் திட்டத்தைக் கேலி செய்ய வாய் வராது. ஆனால் அவ்வளவு ஆடுகளை அவ்வளவு வேகமாக வாங்கும்போது எந்தச் சந்தையில் எது நின்றதோ அதுதான் கைக்கு வரும். மேற்கே இருந்து வந்த ஆடும் கிழக்கே இருந்து வந்த ஆடும் ஒரே தெருவில் ஒரே கிடாயிடம் சேர்ந்தன. வாங்குகிற காலத்தில் அந்தந்தப் பகுதி ஆட்டை அந்தந்தப் பகுதியிலேயே வாங்கு என்று ஒரு வரி சேர்த்திருந்தால், கன்னி இனத்தைக் காக்க அதைவிடப் பெரிய திட்டம் வேறு தேவைப்பட்டிருக்காது.

நாட்டினம் என்றால் நோயே வராது என்று மேடையில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். ஆட்டுக்கொல்லி நோய்க்குக் கன்னி என்றும் தெரியாது, போயர் என்றும் தெரியாது. மூக்கில் சளி, வாயில் புண், கழிச்சல், காய்ச்சல், ஒரு வாரத்தில் கூட்டம் பாதியாகும். இந்தியாவில் இந்த நோய் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது 1987இல், அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்து அரசூரில். அந்த ஊர் ஆட்டிலிருந்து எடுத்த வைரஸைப் பழக்கித்தான் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் ஒரு தடுப்பூசியைச் செய்தது. 'அரசூர் 87' என்றே அதற்குப் பெயர். ஆட்டுக்காரர்கள் அந்த ஊரின் பெயரைக் கேட்டால் கும்பிட வேண்டும். ஊசி போடாமல் நாட்டினத்தின் எதிர்ப்புச் சக்தி என்று உட்கார்ந்திருந்தால் காப்பாற்ற இனம் மிஞ்சாது.

பால்கன்னிப் பெட்டை ஒன்று போன கார்த்திகை மழையில் ஈன்றது. சாயங்காலமே வாலடிக் குழி இறங்கிவிட்டது, கட்டின இடத்தில் காலால் தரையைப் பறித்துக்கொண்டிருந்தது. கரிசல் மண் மழையில் களி; தொழுவத்துக்கு வெளியே கால் வைத்தால் செருப்பு மண்ணோடு நின்றுவிடும். அத்தை பழைய சாக்கை விரித்து, அரிக்கேன் விளக்கை மாட்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். முதல் குட்டி முன்னங்கால் இரண்டும் அதன்மேல் மூக்குமாக ஒழுங்காக வந்து விழுந்தது. தாய் திரும்பி நக்கத் தொடங்குவதற்குள் இரண்டாவது. அவ்வளவுதான் என்று நான் எழுந்தேன். அத்தை அடிவயிற்றை இரு கையாலும் தாங்கித் தூக்கிப் பார்த்துவிட்டு உட்காரச் சொன்னாள். மூன்றாவது பின்னங்கால் முன்னால் வந்தது. அது வெளியே விழுந்தபோது மூச்சில்லை. மூக்கிலிருந்த சவ்வை வழித்துவிட்டு, பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாக இரண்டு வீச்சு வீசினாள். வைக்கோல் துரும்பை மூக்குத் துளையில் விட்டுச் சீண்டினாள். தும்மியது.

காம்பு இரண்டு, குட்டி மூன்று. மூன்றாவதைத் தாய் ஏற்காமல் முட்டித் தள்ளியது. இரண்டு நாள் முன்னால் ஒற்றை ஈன்ற செங்கன்னி ஒன்று பக்கத்தில் நின்றது. அதன் குட்டியின் மூத்திரம் பட்ட சாக்கை எடுத்து இந்தக் குட்டியின் முதுகிலும் வாலடியிலும் தேய்த்து, கொஞ்சம் உப்பையும் தடவி, இருட்டில் அதனிடம் தள்ளிவிட்டாள். உப்புக்காக நக்கத் தொடங்கிய ஆடு விடியும்போது அதைத் தன் குட்டி என்று முடிவு செய்திருந்தது. பெற்ற தாயின் சீம்பாலை முதலிலேயே ஒரு சங்கு கறந்து ஊற்றிவிட்டதால் அந்தக் கவலையும் இல்லை. இப்போது அந்த மூன்றாவதுதான், கிடாய்க்குட்டி, குட்டி அடைக்கிற கொடாப்புக்குள் அடங்காமல் மேலே ஏறி நிற்கிறது.

சரி, நல்ல தாயைப் பார்த்தாயிற்று, நல்ல கிடாயை நிறுத்தியாயிற்று, விற்காமலும் வைத்தாயிற்று. அப்புறம்தான் இருக்கிறது கதை. ஒரு கிடாய் இருபது முப்பது பெட்டைகளுக்குப் போதும். அதன் மகள்கள் ஒன்றரை வயதுக்குள் முதல் ஈற்றுக்கு வந்துவிடுவார்கள். கிடாய் அங்கேயே நின்றால் தகப்பன்தான் மகளோடு சேரும். ஒரு சுற்று தாங்கும். அடுத்த சுற்றில் குட்டி சிறுக்கும், சினை தங்காது, பிறந்தது நிற்காது. அதனால் எவ்வளவு அருமையான கிடாயானாலும் இரண்டு வருஷத்தில் அதை வெளியேற்றியாக வேண்டும். எங்கே? கறிக்கு அனுப்பினால் இத்தனை பாடுபட்டுத் தேர்ந்தெடுத்தது வீண். வேறொரு நல்ல கூட்டத்துக்குப் போகவேண்டும், அங்கிருந்து நல்ல கிடாய் ஒன்று இங்கே வரவேண்டும்.

குடும்பப் பண்ணையில் பாரம்பரிய இனத்தைக் காக்கிறோம் என்று சொல்லும்போது நாம் விட்டுவிடுவது இதைத்தான். ஒரு குடும்பத்தால் ஓர் இனத்தைக் காக்க முடியாது. நெல் விதையைக் குதிருக்குள் போட்டு ஒரே வீடு பல தலைமுறை காப்பாற்றலாம்; தன் மகரந்தம் தனக்கே போதும் என்று இருக்கிற பயிர் அது. ஆட்டுக்கு அயலார் வேண்டும். அதுவும் அத்தையைப் போலத் தாயைப் பார்க்கத் தெரிந்த அயலார், பக்கத்து ஊர்களில் சிதறிக் கிடக்க வேண்டும்.

முன்பு இதற்கு யாரும் தனியாக யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அறுவடை முடிந்த காட்டில் கிடை போடுவார்கள். பல வீட்டு ஆடுகள் ஒரே கிடையில் ராத்தங்கும். யாருடைய கிடாய் யாருடைய பெட்டையோடு சேர்ந்தது என்று கணக்கு வைத்தவர் யாருமில்லை. நிலத்துக்காரருக்குப் புழுக்கையும் மூத்திரமும் கிடைத்தன, ஆட்டுக்காரருக்குத் தானியம் கிடைத்தது, ஆட்டுக்கு வேற்று இரத்தம் கிடைத்தது. இடைசெவல் கி. ராஜநாராயணன் 'கிடை' என்றே ஒரு குறுநாவல் எழுதியிருக்கிறார். அதை அம்ஷன் குமார் 2003இல் 'ஒருத்தி' என்று படமாக எடுத்தார். கிடை என்றால் என்ன என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இனி அதைப் படித்தோ பார்த்தோதான் தெரியவேண்டும். கலப்பு உரம் வந்தபின் புழுக்கைக்கு மதிப்புக் குறைந்தது. செம்மறிக்கிடை இன்னும் அங்கங்கே உண்டு. வெள்ளாடு வீட்டு முளைக்கு வந்துவிட்டது.

இன்னொன்று சாமிக்கிடாய். குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட கிடாயைக் காயடிக்க மாட்டார்கள், கட்ட மாட்டார்கள், விற்க மாட்டார்கள். கோயில் கொடை வரும்வரை அது ஊர்க்காடெல்லாம் சுற்றும், யார் தோட்டத்தில் வாய் வைத்தாலும் அடிக்கக் கை வராது. மூன்று தெருப் பெட்டைகளுக்கும் அதுதான் மாப்பிள்ளை. சாமிக்கு நேர்கிறவர் வீட்டிலேயே சிறந்த குட்டியை, ஊனம் இல்லாததை, பெரும்பாலும் கருங்கிடாயை நேர்வார். சந்தைக்கு முதலில் போகவேண்டியது ஊரிலேயே நின்றுவிடும். கொடையன்று அது வெட்டுப்பட்டாலும் அதன் வம்சம் அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருக்கும். இதையெல்லாம் இனவிருத்திக்காகத் திட்டமிட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நம் முன்னோர் எல்லாவற்றையும் அறிந்துதான் செய்தார்கள் என்ற பேச்சு எனக்குப் பிடிக்காது. சாமிக்குப் பயந்து செய்தார்கள், ஆடு பிழைத்தது. 1950ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைத் தூசி தட்டி 2003இல் கோயில் பலியைத் தடுத்தார்கள். எதிர்ப்பு வலுத்து 2004இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. அன்று நடந்த வாதங்கள் எல்லாம் பக்தியைப் பற்றியும் கருணையைப் பற்றியும்தான். பொலிகிடாயைப் பற்றி யாரும் பேசியதாக நினைவில்லை. இப்போது சட்டத் தடை எதுவும் இல்லாமலே சாமிக்கிடாய் குறைந்துவிட்டது. கொடைக்கு முந்தின வாரம் சந்தையில் வாங்கிக்கொள்கிறார்கள்.

மேய்ச்சல் காட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அந்தப் பேச்சு எடுத்தால் ஊரில் சண்டையில்தான் முடிகிறது. சீமைக்கருவேலை ஒழிக்க வேண்டும் என்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கு நடந்து, 2016, 2017இல் தென்மாவட்டங்களில் பொக்லைன் வைத்துப் பிடுங்கினார்கள். அது நிலத்தைக் கெடுக்கிற மரம், சரிதான். ஆனால் பங்குனி முதல் ஆனிவரை அதன் மஞ்சள் நெற்றைத் தின்றுதான் எங்கள் ஆடுகள் கோடையைக் கடந்தன. நெற்றையே தின்று கிடந்தால் தாடை கோணும், குழையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது அத்தைக்குத் தெரியும். பிடுங்கிய இடத்தில் கருவேலும் உடையும் வெள்வேலும் வைத்திருந்தால் கேள்வியே இல்லை. பல இடத்தில் எதுவும் வைக்கவில்லை. சீமைக்கருவேலே திரும்ப முளைத்தது. சில இடத்தில் சூரியத் தகடு முளைத்தது. கிழக்கே கமுதியில் 2016இல் எழுந்த 648 மெகாவாட் நிலையத்துக்குப் பிறகு மானாவாரிக் காட்டைத் தேடி வருகிறவர்கள் எங்கள் பக்கமும் உண்டு. கம்பிவேலிக்குள் ஆடு போக முடியாது.

ஆகவே பரண். தரையிலிருந்து உயரத்தில் சட்டம் அடித்து, புழுக்கை கீழே விழ இடைவெளி விட்டு, கோ-4 புல்லை நறுக்கிப் போட்டு வளர்க்கிற முறை. தம்பி ஒன்று கட்டியிருக்கிறான். கன்னி அதிலும் இருக்கத்தான் செய்கிறது. கல்லிலும் முள்ளிலும் நடந்து தேயவேண்டிய குளம்பு அங்கே வளர்ந்து மடங்குவதால், மாதம் ஒருமுறை கத்தியால் சீவிவிட வேண்டியிருக்கிறது. குட்டி கொஞ்சம் வேகமாக எடை ஏறுகிறது. கேள்வி அடுத்த தலைமுறையைப் பற்றியது. பரணில் எந்தத் தாய் நல்ல தாய்? பதினோரு மணி வெயிலில் நெற்றுப் பொறுக்குகிற குணம் அங்கே வெளிப்பட வழியில்லை. புல்லைக் கூடுதலாகத் தின்று கூடுதலாகப் பெருப்பதே அங்கே நல்ல குணம். அதை வைத்துப் பத்துத் தலைமுறை தேர்ந்தெடுத்தால் கோடு இருக்கும், பெயர் இருக்கும், சங்கரன்கோவில் காட்டில் விட்டால் அந்த ஆடு பிழைக்காது. பல்கலைக்கழகத்துப் பண்ணையில் வைத்திருக்கிற கன்னிக் கூட்டமும் வேண்டும், உறைவிந்துக் குழாய்களும் வேண்டும். தீப்பிடித்தால் எடுத்துக்கொண்டு ஓட ஒரு பெட்டி இருப்பது நல்லதுதானே. ஆனால் வெயிலையும் முள்ளையும் உறையவைக்க முடியாதே.

தம்பி இதற்கு ஒரு வழி சொன்னான், அத்தையும் பாதி ஒத்துக்கொண்டாள். ஈனும் பெட்டைகள் முழுக்கக் காட்டில் மேயட்டும். விற்பனைக்குப் போகிற கிடாய்க்குட்டிகள் மட்டும் கடைசி மூன்று மாதம் பரணேறட்டும். பொலிகிடாய்க்கு வேண்டிய குட்டி பரண் பக்கமே போகக்கூடாது. எடையும் கிடைக்கும், தேர்வும் காட்டிலேயே நடக்கும். மேய்க்க ஆள் இருக்கிறவரை நடக்கிற ஏற்பாடு இது. அத்தைக்கு முழங்கால் வலி தொடங்கிவிட்டது. அதற்கு மேல் நாங்கள் இன்னும் பேசவில்லை.

பேசி முடித்திருப்பது கிடாய் மாற்று ஏற்பாடு ஒன்றைத்தான். சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள் என்று நான்கு ஊரில் நான்கு வீடு. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கிடாய் ஒரு ஊர் தள்ளிப் போகும். விதி எளிது, சண்டை பெரிது. கிடாய் தின்கிற தீவனம் யார் செலவு? தெருவில் மற்ற வீட்டுப் பெட்டைக்கு விட்டால் கூலி வாங்கலாமா? வாங்கினால் அது நிற்கிற வீட்டுக்கா, பிறந்த வீட்டுக்கா? இடையில் செத்தால்? ஒருவர் பொது நோட்டு போட்டு எழுதலாம் என்றார். இன்னொருவர், நோட்டு போட்டால் பஞ்சாயத்துத்தான் வரும் என்றார். கடைசியில் கூலி வேண்டாம், முதல் ஈற்றில் ஒரு பெட்டைக்குட்டி கிடாய் பிறந்த வீட்டுக்கு என்று முடிவானது. பெட்டைக்குட்டி திரும்பிவந்தால் மறுபடியும் அதே இரத்தம் அதே வீட்டுக்கு வருமே என்று தம்பி இழுத்தான். அதுவும் சரிதான் என்று எல்லோரும் யோசித்தார்கள். குட்டிக்குப் பதில் அதன் விலை என்று மாற்றி எழுதியிருக்கிறோம். நோட்டில்தான்.

பக்ரீத்துக்கு முன்னால் ஒரு வியாபாரி வாசலில் வந்து நின்று, செங்கன்னிக் கிடாயை இடுப்போடு தூக்கிப் பார்த்துவிட்டு, நாங்கள் எதிர்பாராத விலை சொன்னார். அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் அத்தையைப் பார்த்தேன். "அது நம்மது இல்லய்யா, யாவாரி. சங்கரன்கோயில்காரங்களுக்குப் போக வேண்டியது" என்று சொல்லிவிட்டு அவள் குழை ஒடிக்கத் துரட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சங்கரன்கோவில்காரர்கள் இன்னும் கூட்டிக்கொண்டு போகவில்லை. தாமதம் அவர்களால் இல்லை. சுற்றுப்படி அடுத்து எங்களுக்கு வரவேண்டிய கிடாயின் படத்தைப் பருவக்குடிக்காரர்கள் கைப்பேசியில் அனுப்பியிருக்கிறார்கள். கோடு நேர்த்தியாகத்தான் இருக்கிறது. அந்தக் கிடாய் வராமல் இதை அனுப்ப முடியாது. அத்தையோ படத்தைப் பார்க்கவே மறுக்கிறாள். அந்த ஊருக்கு பஸ் ஏறிப் போய் அதன் தாயைப் பார்க்க வேண்டுமாம், காட்டில் வைத்து. காலை வண்டி ஒன்பதரைக்குத்தான் அங்கே போய்ச் சேரும் என்றேன். பதினோரு மணிக்கு இன்னும் நேரம் கிடக்கிறதே என்றாள்.